மனைப்பிரிவின் பூங்கா இடத்தைக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனை வாங்கியபோது காட்டிய வரைபடத்தில் பச்சை தீட்டி ‘பூங்கா’ என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு நாள் யாரோ கல் ஊன்றுகிறார்கள். அடுத்த வாரம் கம்பி வேலி வருகிறது. அதற்கடுத்த மாதம் ‘அத்துமீறி நுழையாதீர்கள்’ என்று பலகை. தமிழ்நாட்டில் புறநகர் தோறும் நடக்கும் சங்கதி இது. இதை எதிர்த்து நிற்கும் குடியிருப்போருக்காக இந்தக் கேள்வி பதில். இந்தச் சண்டையில் தோற்பவர்கள் பெரும்பாலும் பதிவேட்டில்தான் தோற்கிறார்கள். அதனால் காகிதத்திலிருந்தே தொடங்குகிறோம்.

ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறார்களே, அது என்ன? எங்கள் நகரில் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்?

திறந்தவெளிக்கென்று ஒதுக்கும் நிலத்தின் சுருக்கப் பெயர் ஓ.எஸ்.ஆர். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தை ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலமாகக் கொடுக்கலாம், அல்லது அதற்கு ஈடான பணத்தைக் கட்டிவிடலாம். ஆகவே சிறிய மனைப்பிரிவில் பூங்கா இல்லை என்றால் உடனே மோசடி என்று முடிவு கட்டாதீர்கள், பணம் கட்டியிருக்கக்கூடும்.

கணக்கு எளிது. மனைப்பிரிவின் மொத்தப் பரப்பு 2 ஹெக்டேர், அதாவது 20,000 சதுர மீட்டர். சாலைக்கு 5,000 போனால் மீதி 15,000. அதில் பத்தில் ஒரு பங்கு 1,500 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் ஏறக்குறைய 37 சென்ட் பூங்காவாக இருந்தாக வேண்டும். வருவாய்த்துறை ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்) என்று எழுதும், பத்திரம் சென்ட்டிலோ சதுர அடியிலோ இருக்கும், வரைபடம் சதுர மீட்டரில் இருக்கும். மூன்றையும் ஒரே அலகுக்கு மாற்றி ஒரு தாளில் எழுதி வையுங்கள். அலகு குழம்பிய மனுவை அதிகாரி ஒதுக்கிவைக்க அதுவே சாக்காகிவிடும்.

எங்கள் மனைப்பிரிவில் பூங்கா ஒதுக்கினார்களா என்று எங்கே பார்ப்பது?

உங்கள் கிரயப்பத்திரத்தின் சொத்து விவரத்தை எடுங்கள். மனைப்பிரிவின் அங்கீகார எண் அதில் இருக்கும். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் கொடுத்தது என்றால் ‘பி.பி.டி./எல்.ஓ.’ என்று தொடங்கும் எண்; மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் எண். அந்த எண்ணை வைத்து அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். மனை விற்றவர் கொடுத்த வண்ண வரைபடம் சான்று ஆகாது. விளம்பர வரைபடத்தில் பூங்காவாக இருப்பது, அங்கீகார வரைபடத்தில் ‘கடைகளுக்கான இடம்’ என்றிருந்த வழக்குகளும் உண்டு. ‘பொது உபயோகத்துக்கு’ என்று ஒதுக்கிய இடமும் பூங்காவும் சட்டப்படி வேறு வேறு என்பதையும் கவனியுங்கள்.

பூங்காவை ஒட்டி மனை வாங்கியவரின் பத்திரத்தில் ‘வடக்கே பூங்கா’ என்று நான்கெல்லையில் எழுதியிருக்கும். அந்தப் பத்திரத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள். அந்த இடம் பூங்கா என்று நிலத்தை விற்றவரே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட சான்று அது.

தானப்பத்திரம் பதிவாகியிருக்கிறது. அப்புறமும் எப்படி விற்க முடிகிறது?

பட்டா மாறாததால். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். தானப்பத்திரம் பதிவுத்துறையில் இருக்கிறது; பட்டாவோ வருவாய்த்துறையில் இருக்கிறது. நகராட்சியோ ஊராட்சியோ பத்திரத்தை வாங்கிக் கோப்பில் போட்டதோடு சரி, தங்கள் பெயருக்குப் பட்டா மாற்றக் கேட்டு மனு கொடுப்பதே இல்லை. இருபது வருடம் கழித்தும் வருவாய்த்துறைப் பதிவேடான சிட்டாவில் பழைய நில உரிமையாளர் பெயரே நிற்கிறது. அவருடைய வாரிசுகள் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவைத் தங்கள் பெயருக்கு மாற்றி, யாருக்காவது பவர் எழுதிக் கொடுத்து விற்கிறார்கள். வாங்குபவர் கேட்டால் பட்டாவைக் காட்டுவார்கள். உட்பிரிவு எண் மாறியிருந்தால், சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் பழைய தானப்பத்திரம் கண்ணில் படவே படாது.

எனவே தேடும்போது பழைய புல எண், உட்பிரிவுக்குப் பின் வந்த எண், நகர நில அளவையில் கொடுத்த புதிய எண் மூன்றையும் போட்டு வில்லங்கம் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். தானப்பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் கிடைத்ததும் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். பிறகு இரண்டு மனு. ஒன்று, உள்ளாட்சியின் பெயருக்குப் பட்டா மாற்ற வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கும்படி ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ. மற்றொன்று சார்பதிவாளருக்கு. உள்ளாட்சி அமைப்புக்குச் சொந்தமான சொத்தை உரிய அனுமதி இல்லாமல் எழுதிக்கொடுத்தால் அந்தப் பத்திரத்தைப் பதிவுசெய்ய மறுக்க, பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு வழிசெய்கிறது. ஆனால் அந்த இடம் உள்ளாட்சியுடையது என்று அவருக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்? தானப்பத்திர நகலை இணைத்து ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பின்னாளில் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 122-ஆம் பிரிவுப்படி, தானம் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே பெற்றவர் அதை ஏற்றிருக்க வேண்டும். ‘நகராட்சி ஏற்கவே இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதாடும். பத்திரத்தில் அலுவலரின் கையெழுத்து, மன்றத் தீர்மானம், அந்த இடத்தில் உள்ளாட்சிச் செலவில் நட்ட விளக்குக் கம்பம், போட்ட வேலி, ஊஞ்சல் வாங்கிய பில் எல்லாம் ஏற்றுக்கொண்டதற்கான சான்றுகள். கிடைப்பதையெல்லாம் திரட்டுங்கள்.

தானப்பத்திரமே எழுதவில்லை என்றால்?

கைவிட வேண்டியதில்லை. சேத்ராம் வசிஷ்ட் எதிர் டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், வரைபடத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை அதன் உரிமையாளர் பொதுமக்களுக்கான பொறுப்பில் வைத்திருப்பவரே, வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, சும்மா எழுதிக் கொடு என்று மாநகராட்சி கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொன்னது. உங்கள் கோரிக்கையை ‘நிலத்தை எங்களுக்குக் கொடுங்கள்’ என்று எழுதாமல் ‘அங்கீகார வரைபடத்துக்கு மாறான பயன்பாட்டைத் தடுங்கள்’ என்று எழுதுங்கள்.

எங்கள் நகரே அங்கீகாரம் இல்லாதது. பிறகு வரன்முறை செய்தார்கள்.

20.10.2016-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளை வரன்முறை செய்யும், அதாவது கட்டணம் வாங்கிச் சட்டப்படி ஏற்கும் திட்டம் 2017-இல் வந்தது. உங்கள் வரன்முறை ஆணையை வாங்கிப் பாருங்கள். அதோடு இணைத்த வரைபடத்தில் திறந்தவெளி காட்டியிருந்தால் பிடி கிடைத்துவிட்டது. காட்டாமல் கட்டணம் மட்டும் வாங்கியிருந்தால், அந்தக் காலி மனையை மீட்கப் போராடுவதைவிட அருகில் உள்ள புறம்போக்கு நிலத்தைப் பூங்காவாக்கக் கேட்பது பலன் தரும்.

தகவல் அறியும் உரிமை மனுவில் என்ன கேட்க வேண்டும்?

ஆவணம் கேளுங்கள், விளக்கம் கேட்காதீர்கள். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் ‘இது தகவல் என்ற வரையறையில் வராது’ என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். பொதுத் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதலாம்:

“கீழ்க்காணும் ஆவணங்களின் சான்றிட்ட நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன்கீழ் கோருகிறேன். (1) மேற்படி எண் மனைப்பிரிவின் அங்கீகார வரைபடமும் அங்கீகார ஆணையும். (2) பூங்கா இடத்துக்கான தானப்பத்திரம். (3) உள்ளாட்சியின் சொத்துப் பதிவேட்டில் அந்த இடம் பதிவாகியுள்ள பக்கம். (4) அந்தப் புல எண்ணில் இதுவரை வழங்கிய கட்டட அனுமதிகள், குத்தகை ஆணைகள், மன்றத் தீர்மானங்கள். (5) ஆக்கிரமிப்பு குறித்து அனுப்பிய அறிவிப்புகள். இவை அடங்கிய கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கோருகிறேன்.”

கடைசி வரி முக்கியம். நகல் கொடுப்பவர் தனக்கு வசதியான பக்கத்தைக் கொடுப்பார். கோப்பை நேரில் புரட்டினால் குறிப்புப் பக்கங்களில் யார் எப்போது எதை எழுதினார் என்பது தெரியும். பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. மனுக் கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதிலுக்குக் கெடு 30 நாள். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் முறை வரக் காலம் பிடிக்கும். அதனால் ஒரே கேள்வியை நகராட்சி, வட்டாட்சியர் அலுவலகம், நகர் ஊரமைப்பு அலுவலகம் மூன்றுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். ஒன்று மறைப்பதை மற்றொன்று கொடுத்துவிடும்.

‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அந்தப் பதில் எழுத்தில் இருப்பது நீதிமன்றத்தில் உங்களுக்குத்தான் பயன்படும்.

இடத்தை நாங்களே அளந்து பார்க்கலாமா?

பார்க்க வேண்டும். 30 மீட்டர் நாடா, சுண்ணாம்புப் பொடி, இரண்டு பேர் போதும். நான்கு பக்கத்தோடு ஒரு மூலைவிட்டத்தையும் அளங்கள். பக்கங்களை மட்டும் அளந்தால் கோணல் தெரியாது, பரப்பு தவறாக வரும். மூலைவிட்டம் இடத்தை இரண்டு முக்கோணமாகப் பிரித்துவிடும். மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணத்தின் பரப்பைப் பள்ளிச் சூத்திரத்தாலேயே கணக்கிடலாம். நாடா நடுவில் தொய்ந்தால் அளவு கூடிக் காட்டும், இழுத்துப் பிடியுங்கள். 50 மீட்டர் நீளமுள்ள பூங்காவில் பக்கத்து மனைக்காரர் 2 மீட்டர் உள்ளே மதிலை நகர்த்தினால் போவது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். பூங்காக்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஓரத்திலிருந்து கரைகின்றன.

இந்த அளவு உங்கள் தெளிவுக்கு மட்டுமே. சட்டப்படி செல்வது, நிலத்தின் அரசு அளவைப் படமான புலப்படத்தை வைத்து நில அளவர் அளந்து கல் காட்டுவதுதான். அளந்து எல்லை காட்டும்படி உள்ளாட்சி அமைப்பு விண்ணப்பித்தால், அளக்கும் நாளுக்கு முன்பே பக்கத்து மனைக்காரர்களுக்கும் அறிவிப்பு போயிருக்க வேண்டும். அறிவிப்பு இல்லாமல் அளந்தால் அவர்கள் அதையே காரணம் காட்டி ரத்து கேட்பார்கள்.

சங்கம் பதிவு செய்தே ஆக வேண்டுமா?

மனு கொடுக்கச் சங்கம் தேவையில்லை, ஒரு தனி ஆளே போதும். வழக்கு, வங்கிக் கணக்கு, நன்கொடை என்று வரும்போது வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் குறைந்தது ஏழு உறுப்பினர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பதிவு செய்ததோடு பலர் மறந்துவிடுவது ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்வதை. இவை தாக்கலாகாத சங்கம் வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பின் முதல் கேள்வியே ‘இவர் எந்தத் தகுதியில் வந்தார்?’ என்பதாக இருக்கும். தனி ஆளின் கூகுள் பே கணக்கில் பணம் வாங்காதீர்கள். சங்கக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது.

மனுவை யாரிடம் கொடுப்பது?

முதலில் உள்ளாட்சியின் தலைமை அலுவலர். நகல் வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். முதல்வரின் உதவி மையத்தை 1100-இல் அழைக்கலாம். மனு ஒரு பக்கம் தாண்ட வேண்டாம்: புல எண், பரப்பு, தானப்பத்திர எண், இப்போது என்ன நடக்கிறது, என்ன செய்யக் கேட்கிறீர்கள். இணைப்புகளுக்கு எண் போடுங்கள். ஐம்பது பேர் கையெழுத்து இருந்தால் நல்லதுதான், ஆனால் இணைப்பில் தானப்பத்திரம் இல்லாத ஐந்நூறு கையெழுத்துக்கு வலு குறைவு.

இன்று காலை ஜே.சி.பி. வந்து நிற்கிறது. என்ன செய்வது?

எதையும் உடைக்காதீர்கள், வண்டியின் மேல் ஏறாதீர்கள், வேலியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் உங்கள் மேல்தான் வழக்கு வரும், பேச்சு பூங்காவிலிருந்து அடிதடிக்குத் திரும்பிவிடும். தேதியும் இடமும் பதியும்படி படமும் காணொலியும் எடுங்கள். வண்டி எண், ஓட்டுநரிடம் வேலை கொடுத்தவர் யார் என்ற பதில் எல்லாம் அதில் வரட்டும். தானப்பத்திர நகலோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். அதே மணி நேரத்தில் இரண்டு பேர் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய், தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 56, 57 பிரிவுகளின்கீழ் வேலையை நிறுத்தி அகற்ற அறிவிப்பு கொடுக்கும்படி எழுத்தில் கேளுங்கள். வெள்ளி மாலையும் தொடர் விடுமுறையின் முதல் நாளும் இதற்கென்றே தேர்ந்தெடுக்கப்படும் நேரங்கள். அந்த நாட்களுக்காக அலுவலர்களின் கைபேசி எண்களை முன்பே குறித்து வைத்திருங்கள்.

பூங்காவில் கோயில் கட்டுகிறார்கள். எதிர்த்தால் ஊர் பகை வருமே?

வரும். அதனால்தான் ஆக்கிரமிப்பவர்கள் முதலில் ஒரு சின்னப் பீடம் வைக்கிறார்கள். பொதுத் தெரு, பூங்கா, பொது இடங்களில் கோயில், மசூதி, தேவாலயம், குருத்வாரா எதையும் அனுமதியின்றிப் புதிதாகக் கட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 29.09.2009 அன்று உத்தரவிட்டது. எல்லா மதத்துக்கும் பொருந்தும் உத்தரவு என்பதைச் சொல்லியே பேசுங்கள். பீடம் வைத்த வாரத்திலேயே ஆட்சியருக்கு மனு போக வேண்டும். கும்பாபிஷேகம் ஆன பிறகு எந்த அதிகாரியும் எளிதில் கை வைக்க மாட்டார்.

நகராட்சியே அதில் தண்ணீர்த் தொட்டியோ அலுவலகமோ கட்டுகிறது. அது பொதுக் காரியம்தானே?

பொதுக் காரியம்தான், ஆனால் பூங்கா அல்ல. தானப்பத்திரத்தில் எழுதிய நோக்கம் உள்ளாட்சியையும் கட்டுப்படுத்தும். பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்ததை அங்கே குடியிருந்தவர்கள் எதிர்த்து வழக்காடினார்கள். பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு என்று பெயர். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனை என்ற நல்ல நோக்கமும் அதைக் காப்பாற்றவில்லை. லக்னோவில் பூங்காவுக்கு அடியில் கட்டிய வணிக வளாகத்தை இடிக்கச் சொன்ன 1999-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் மனுவில் குறிப்பிடலாம். தொட்டிக்கு மாற்று இடம் ஒன்றை நீங்களே புல எண்ணோடு காட்டினால் பேச்சு வார்த்தை சீக்கிரம் முடியும்.

எதிர்த்தரப்பு முந்திக்கொண்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால்?

இங்கேதான் பல பூங்காக்கள் ஓசையில்லாமல் போயின. ஆக்கிரமித்தவர் நகராட்சி மேல் வழக்குப் போடுவார். நகராட்சி வழக்கறிஞர் வாய்தாவுக்கு வரமாட்டார். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும். குடியிருப்போருக்கு அதன்பிறகுதான் தெரியும். வழக்கு வரும் என்ற வாசனை அடித்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவின்கீழ், எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று கோரும் கேவியட் மனு போடுங்கள். அதன் ஆயுள் 90 நாள், முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். வழக்கு ஏற்கெனவே நடந்தால் உங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கக் கேட்டு மனு போடுங்கள். நீதிமன்ற இணையதளத்தில் நகராட்சி ஆணையர் பெயரைப் பிரதிவாதியாகப் போட்டு மாதம் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

நீங்களே வழக்குத் தொடுக்க நேர்ந்தால், மனுவின்மேல் அதிகாரிகள் செயல்படாததைக் காட்டி அவர்களுக்கு உத்தரவிடக் கேட்கும் ரிட் மனுவை உயர் நீதிமன்றத்தில் போடுவதே பெரும்பாலும் பொருத்தம். மனு கொடுத்த தேதி, ஒப்புகை அட்டை, நினைவூட்டல் கடிதம் மூன்றும் இல்லாமல் போனால் ‘முதலில் மனு கொடுங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள்.

எங்களுடையது கிராம ஊராட்சி. கிராம சபைத் தீர்மானம் உதவுமா?

மிகவும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாட்கள் சபை கூடுகிறது. தீர்மானத்தை முன்கூட்டியே எழுதித் தலைவரிடம் கொடுத்துப் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். சபைக்கு வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் தீர்மானம் செல்லாது என்பார்கள். படித்துக் காட்டிய தீர்மானம் பதிவேட்டில் அதே வாசகத்தில் ஏறியதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். முதலில் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து, பிறகு தீர்மானம் என்று நடந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேய்க்கால், மந்தைவெளி, குளம் போன்ற ஊர்ப் பொது நிலமென்றால், அவற்றிலிருந்து ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் 28.01.2011 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட ஜக்பால் சிங் வழக்குத் தீர்ப்பைத் தீர்மானத்திலேயே குறிப்பிடுங்கள்.

எங்கள் கிளை நூலகத்தை மூடிவிடுவார்கள் போலிருக்கிறது. இதே வழி அதற்கும் பொருந்துமா?

கொஞ்சம் வேறு. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வாங்குகிறார்கள். அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச்சேர வேண்டிய பணம். உங்கள் உள்ளாட்சி வசூலித்தது எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று மூன்று ஆண்டுக்குத் தகவல் கேளுங்கள். மூடுவதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் ‘வாசகர் வருகை இல்லை’ அல்லது ‘கட்டடம் பழுது’. முதலாவதற்கு வருகைப் பதிவேடு பதில் சொல்லும். வந்து செய்தித்தாள் மட்டும் படித்துப் போகிறவர்கள் கையெழுத்துப் போடாமலே போவதால் எண்ணிக்கை குறைந்து தெரிகிறது. இன்றிலிருந்தே எல்லோரும் கையெழுத்திடட்டும். இரண்டாவதற்கு, பழுதுபார்க்கும் மதிப்பீட்டைப் பொறியாளரிடமிருந்து எழுத்தில் பெறுங்கள். தற்காலிகமாக இடம் மாற்றுகிறோம் என்றால் புது இடத்தின் முகவரியும் திரும்பி வரும் கெடுவும் ஆணையில் இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் போடலாமா?

வேண்டாம். ‘இன்னார் திருடிவிட்டார்’ என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு வழி. ‘புல எண் இத்தனையில் அனுமதியின்றி வேலி’ என்று எழுதுங்கள். மனு போகும் முன்பே அதன் வாசகத்தைக் குழுவில் போட்டால் எதிர்த்தரப்பு மாலைக்குள் படித்துவிடும்.

இடம் மீண்டுவிட்டது. இனி?

அந்த வாரத்திலேயே வேலியும் பலகையும். பலகையில் உள்ளாட்சியின் பெயர், பூங்கா என்ற சொல், புல எண், பரப்பு சதுர மீட்டரில், தானப்பத்திர எண்ணும் ஆண்டும், அங்கீகார எண் இத்தனையும் இருக்கட்டும். தகடு துருப்பிடித்து எழுத்து அழிந்துவிடும், சிமென்ட் பலகையில் செதுக்குவது நல்லது. மரம் நடுவதானால் எல்லையிலிருந்து மூன்று மீட்டர் உள்ளே நடுங்கள். எல்லைக் கல்லின் மேல் வேர் போனால் அடுத்த அளவையில் கல்லையே தேட வேண்டிவரும். நடுவில் திறந்த மண் தரையாக விடுங்கள், பிள்ளைகள் விளையாட வருவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை சிட்டாவையும் வில்லங்கத்தையும் எடுத்துப் பார்த்து, அந்தத் தாளைச் சங்கக் கோப்பில் தேதியோடு சேர்த்து வையுங்கள்.